பால் பாக்கெட்டைக் கழுவிய வீடுகளும் மூடிய ஜன்னல்களும்

2020 ஏப்ரலில் தமிழ்நாட்டின் எந்தத் தெருவில் நடந்திருந்தாலும் வாசல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன. நிலையில் வேப்பிலைக் கொத்து, படியில் மஞ்சள் கரைத்த வாளித் தண்ணீர், பக்கத்தில் ஒரு துண்டு சோப்பு. உள்ளே பால் பாக்கெட் சோப்பு நுரையில் மிதக்கும், தக்காளியும் கத்தரிக்காயும் உப்புத் தண்ணீரில் ஊறும், மளிகைப் பைகள் மொட்டை மாடியில் வெயில் காயும். செய்தித்தாளைப் பல வீடுகள் நிறுத்தியே விட்டன. இவ்வளவும் செய்த வீடுகளில் பலவற்றில், வெளிக்காற்றோடு கிருமி வந்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். கொரோனா பரவிய விதத்தை வைத்துப் பார்த்தால், அந்த வீட்டில் முதலில் மாற்றியிருக்க வேண்டியது அந்த ஜன்னலைத்தான்.

பொருள்களைத் தொட்டால் தொற்றும் என்ற பயம் சும்மா வரவில்லை. 2020 மார்ச்சில் அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் முடிவுகள் வெளியாயின. பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை, எவர்சில்வரில் 48 மணி நேரம் வரை உயிருள்ள வைரஸைக் காண முடிந்தது. அட்டையில் 24 மணி நேரத்துக்குப் பிறகும், செம்பில் 4 மணி நேரத்துக்குப் பிறகும் காண முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அது 'பால் பாக்கெட்டில் மூன்று நாள் கொரோனா' என்று சுற்றியது. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது, அதை யாரும் பகிரவில்லை: பிளாஸ்டிக்கில் வைரஸின் அரைவாழ்வு சுமார் 6.8 மணி நேரம். அதாவது ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஒரு நாள் கழித்துப் பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. 72 மணி நேரம் என்பது நிறைய வைரஸை வேண்டுமென்றே ஊற்றி, குளிரூட்டிய அறையில் வைத்து, கடைசித் துளி மிஞ்சும் வரை அளந்த கணக்கு. நம் ஊர் வெயிலில் அட்டைப் பெட்டிக்கு அந்த யோகம் வாய்க்காது.

அந்த ஆண்டு ஜூலையிலேயே எமானுவேல் கோல்ட்மேன் என்ற நுண்ணுயிரியலாளர், பொருள்கள் வழியாகத் தொற்றும் அபாயம் பெரிதுபடுத்தப்படுகிறது என்று லான்செட் குழும இதழில் எழுதினார். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அறிவித்தது. நம் ஊரில் அதற்குள் ஒரு வருடம் பாக்கெட் கழுவியாகிவிட்டது.

கோயம்பேடு இந்தக் குழப்பத்துக்கு நல்ல உதாரணம். 2020 ஏப்ரல் கடைசியில் அங்கே தொற்று கிளம்பியதும், மே 5 அன்று சந்தையை மூடினார்கள்; பிறகு வியாபாரம் திருமழிசைக்குப் போனது. சுமை தூக்குபவர்களும் வியாபாரிகளும் ஊர் திரும்ப, அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை ஏறியது. வீடுகளில் இதற்கு எடுத்துக்கொண்ட பொருள், 'காய்கறியில் கொரோனா இருக்கிறது'. சந்தையில் பரவியது காய்கறியால் இல்லை. நெருக்கமான சந்துகளில், சத்தமாக விலை பேசி, மூட்டைக்கு மூட்டை மூச்சு வாங்கி, இரவில் கடைக்குள்ளேயே கும்பலாகப் படுத்து எழுந்தவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது அது.

எனவே காய்கறி பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், சானிடைசர் எதுவும் காய்கறிமேல் படக் கூடாது. தோலின் நுண்துளைகளில் தங்கி வயிற்றைக் கலக்கும். கீரையையும் காளானையும் கழுவி ஈரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டாம் நாளே அழுகும், சமைக்கும் முன் கழுவுவதே சரி. பால் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினால் வேலை முடிந்தது. ரூபாய் நோட்டை இஸ்திரி போடவே வேண்டாம்.

கை, சோப்பு, சானிடைசர்

கை கழுவுவது வீண் என்று இதை யாரும் படித்துவிட வேண்டாம். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலையில் ஏ வகை, மெட்ராஸ் ஐ எல்லாம் விரல் வழியாகத்தான் வீட்டுக்குள் சுற்றுகின்றன. கொரோனா வைரஸுக்கு மேலே கொழுப்பாலான உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்து வைரஸைக் குலைத்துவிடும். எந்தச் சோப்பும் இதைச் செய்யும். 'ஆன்ட்டி பாக்டீரியல்' என்று எழுதிய சோப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த எழுத்துக்குத்தான்.

நேரம்தான் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது கையை நனைப்பதிலிருந்து துடைப்பது வரை 40 முதல் 60 விநாடி. அதில் தேய்ப்பது 20 விநாடியாவது இருக்க வேண்டும். பெரும்பாலானோர் விட்டுவிடும் இடங்கள் கட்டைவிரலைச் சுற்றி, விரல் நுனி, மோதிரத்துக்குக் கீழே. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே தேய்க்க முடியாது, தேய்க்கவும் தேவையில்லை. நனைத்ததும் குழாயை மூடி, தேய்த்து முடித்துத் திறந்தால் அரை லிட்டருக்குள் கழுவிவிடலாம். இன்னும் சிக்கனமாக வேண்டுமா? ஒன்றரை லிட்டர் பாட்டிலில் 30 கிராம் துணி சோப்புத் தூளைக் கரைத்து, மூடியில் ஊசியால் துளை போட்டுத் தொங்கவிட்டால், வாசலில் வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுவே சோப்பு. யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள், காக்கை தூக்கவும் தூக்காது.

சானிடைசர், சோப்பும் தண்ணீரும் இல்லாத இடத்துக்கு. மீன் அலம்பிய கை, எண்ணெய்க் கை, மண் கையில் அது வேலை செய்யாது. ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 95-க்கு மேல் போனாலும் வீரியம் கூடுவதில்லை, புரதத்தைத் திரியச் செய்ய ஆல்கஹாலோடு கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையைப் பார்த்தால் இது விளங்கும்: பத்து லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8,333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, கிளிசரால் 145 மில்லி, மீதி காய்ச்சி ஆறவைத்த நீர். கலந்து 72 மணி நேரம் மூடி வைக்க வேண்டும், பாட்டிலில் உள்ள ஸ்போர்கள் (பாக்டீரியாவின் ஓடு போட்ட விதை போன்ற வடிவம்) சாவதற்காக. கடைசியில் கிடைப்பது 80 சதவீத ஆல்கஹால். வீட்டில் நடந்தது என்ன? வாங்கிய 70 சதவீதச் சானிடைசரைச் சீக்கிரம் தீராமல் இருக்க ரோஸ் வாட்டரோ கற்றாழைச் சாறோ பாதிக்குப் பாதி கலந்தார்கள். அது 35 சதவீதம் ஆகிறது. வாசனையாக இருக்கும், அவ்வளவுதான்.

நெருப்பையும் மறக்கக் கூடாது. 70 சதவீத ஆல்கஹாலின் ஆவி நம் ஊர்ச் சாதாரண வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும், சுடரோ பகலில் கண்ணுக்குத் தெரியாது. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு எல்லோரும் விளக்கேற்றியபோது, அதற்குமுன் கையில் சானிடைசர் தடவாதீர்கள் என்று அரசே சொல்ல வேண்டி வந்தது. கையில் முழுவதும் உலரும்வரை, சுமார் 20 முதல் 30 விநாடி தேய்த்து, அதற்குப் பிறகே அடுப்பின் பக்கம் போக வேண்டும். அதே ஆண்டு ஜூலைக் கடைசியில் ஆந்திராவின் பிரகாசம் மாவட்டம் குரிச்சேடுவில் மதுக்கடை மூடியிருந்ததால் சானிடைசரைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அது மருந்துகளோடு மேலே இருக்க வேண்டிய பொருள்.

பிளீச்சிங் பவுடர்

வீட்டில் யாருக்கேனும் தொற்று என்றால் கழிப்பறையையும் கைப்பிடிகளையும் கிருமி நீக்கலாம், அதற்குப் பிளீச் போதும். ஆனால் இந்தப் பெருந்தொற்றில் வீடுகளில் அதிகம் காயப்படுத்திய பொருளும் இதுதான் என்று நினைக்கிறேன், அளவு தெரியாமல் கலந்ததால்.

இலக்கு 0.1 சதவீதக் கரைசல். ஆஸ்பத்திரிகளுக்கு விற்கும் 5 சதவீத 'ஹைப்போ' (சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது திரவ பிளீச்) கேனில் இருந்து எடுத்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, அதாவது நான்கு டீஸ்பூன். பிளீச்சிங் பவுடர் என்றால் நல்ல பொட்டலத்தில் 30 சதவீதத்தை ஒட்டிக் குளோரின் இருக்கும். தலை தட்டிய ஒரு டீஸ்பூன், சுமார் 3 கிராம், ஒரு லிட்டருக்குச் சரி. இந்திய வழிகாட்டுதல்களில் 1 சதவீதம் என்று படித்தவர்கள் இருப்பார்கள். அது இதைப்போல் பத்து மடங்கு வீரியம். மருத்துவமனையில் கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்கிற வேலை. வீட்டுச் சமையல் மேடைக்கு அது வேண்டாம்.

கலக்கும் முறை: பிளாஸ்டிக் வாளி, சாதாரணக் குளிர்ந்த தண்ணீர். இரும்பு, அலுமினியம் கூடாது. சுடுதண்ணீர் கூடவே கூடாது, குளோரின் ஆவியாகிப் போய்விடும், அறை முழுக்கக் காட்டமும் ஏறும். பவுடரை முதலில் சிறிது தண்ணீரில் குழைத்துப் பிறகு மீதித் தண்ணீர் சேர்த்து, அரை மணி நேரம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். அந்தச் சுண்ணாம்பையும் சேர்த்துத் தரையில் ஊற்றுவதால்தான் துடைத்த பிறகு வெள்ளைத் திட்டு வருகிறது. ஒரு நாளைக்குமேல் வைக்க வேண்டாம், வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் வீரியம் போகும். திறந்து கிடந்து கட்டி தட்டிய பழைய பொட்டலம் வாசனை வந்தாலும் வேலை செய்யாது.

முதலில் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் குளோரினைத் தின்றுவிடும். பிசுக்குமேல் பிளீச் ஊற்றுவதில் பயனில்லை. பிறகு பரப்பு நனைந்தே இருக்கும்படி பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் துடைத்தெடுக்க வேண்டும். தெளித்த உடனே துடைப்பவர்கள் அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடுகிறார்கள். எவர்சில்வர் குழாயில் விட்டுவிட்டால் துரு புள்ளி வரும், கிரானைட்டில் பளபளப்பு மங்கும்.

இனி எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டிய வரி. கழிப்பறை கழுவும் திரவத்திலும் கடையில் விற்கும் ஆசிட்டிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு. வினிகர், எலுமிச்சைச் சாறோடு சேர்ந்தாலும் அதேதான். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடு சேர்ந்தால் குளோரமின். சானிடைசரோடும் கலக்கக் கூடாது. 'இரண்டையும் போட்டால் இரட்டைப் பலன்' என்று நினைத்து மூடிய குளியலறைக்குள் கலப்பவர்கள் மூச்சுத் திணறி விழுகிறார்கள். மஞ்சள் பச்சைப் புகையோ தொண்டையைக் கிழிக்கும் நெடியோ வந்தால் வாளியைத் தூக்க முயலாமல், கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீர். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. குடிதண்ணீர் பாட்டிலில் இந்தக் கரைசலை ஊற்றி வைக்கும் பழக்கம் எத்தனை பேரிடம் இருக்கிறதோ, அத்தனை வீட்டிலும் ஒரு விபத்து காத்திருக்கிறது.

மனிதர்மேல் தெளிப்பதைச் சொல்லவே வேண்டாம். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் உழவர் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வந்தது, பல ஊர்கள் அதைப் பார்த்துச் செய்தன. அதே மாதத்தில் மாநிலப் பொது சுகாதாரத் துறையும் பிறகு மத்திய அரசும் வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னார்கள். தொற்று ஒருவரின் நுரையீரலில் இருக்கும்போது சட்டையை நனைத்து என்ன பயன்? கண்ணும் தோலும்தான் எரியும்.

காற்று

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. வாசலில் சானிடைசர் இருந்தது, கைகுலுக்கலைத் தவிர்த்தார்கள். இரண்டரை மணி நேரம் பாடினார்கள். வந்த 61 பேரில் 53 பேர் நோயாளிகள் ஆனார்கள், இருவர் இறந்தார்கள். அதற்குமுன் ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகர உணவகம் ஒன்றில், ஜன்னல் இல்லாத கூடத்தில், ஒரே ஏசியின் காற்று சுழன்ற மூன்று மேசைகளில் பத்துப் பேருக்குத் தொற்றியது. கைக்கும் மேசைக்கும் இதில் வேலை இல்லை. பேசும்போதும் பாடும்போதும் வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் புகைபோல மிதந்துகொண்டிருக்கும். 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு இதை ஒத்துக்கொள்ளுங்கள் என்று கேட்ட பிறகும் உலக சுகாதார நிறுவனம் தயங்கித் தயங்கித்தான் வந்தது. அந்தத் தயக்கத்தின் விலை, நம் வீடுகளில் ஜன்னல் மூடியே இருந்தது.

வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு ஜன்னல் மட்டும் திறந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். எதிரெதிரே இரண்டு திறப்பு வேண்டும். சீலிங் ஃபேன் அறைக்குள் இருக்கும் காற்றையே கலக்கும், வெளியே அனுப்பாது. ஜன்னல் திறந்திருந்தால் அது உதவி, மூடியிருந்தால் ஒருவரின் மூச்சை எல்லோருக்கும் பரிமாறும். ஸ்பிளிட் ஏசியும் வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. ஏசி போட்டே ஆக வேண்டுமென்றால் ஜன்னலை இரண்டு விரல் திறந்து, எக்ஸாஸ்ட் ஓட வேண்டும். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும். கொசுவலையைக் கழற்ற வேண்டாம், டெங்குவைக் கூப்பிட்ட மாதிரி ஆகும். ஆனால் தூசி அடைத்த வலை காற்றைப் பாதிக்குமேல் தடுக்கும், மாதம் ஒருமுறை பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன்தான் இதில் நல்ல முதலீடு. பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்றால் ஆயிரம் கன அடி, சுமார் 28 கன மீட்டர். மணிக்கு 250 கன மீட்டர் இழுக்கும் சிறிய குளியலறை ஃபேன்கூட அந்த அறைக் காற்றை மணிக்கு ஒன்பது முறை மாற்றும் என்பது காகிதக் கணக்கு. தூசி, வலை, வளைவு எல்லாம் கழித்து ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு ஆறு முறை மாறினால் நோயாளி வெளியேறிய பிறகு காற்றில் மிதப்பதில் 99 சதவீதம் நீங்க 46 நிமிடம் ஆகும், பன்னிரண்டு முறை என்றால் 23 நிமிடம். பொதுக் குளியலறையை நோயாளி பயன்படுத்திய பின் அடுத்தவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் கணக்கு. எக்ஸாஸ்ட் பொருத்த வசதி இல்லாத வாடகை வீட்டில், டேபிள் ஃபேனை ஜன்னலுக்கு அருகே வெளிப்புறம் பார்த்து வைத்து, மீதி இடைவெளியை அட்டையால் மறைத்தால் அதுவும் எக்ஸாஸ்ட்தான்.

சரியாக இழுக்கிறதா என்று பார்க்க ஊதுவத்தி போதும். நோயாளி அறைக் கதவை மூடி, ஃபேனை ஓடவிட்டு, கதவின் அடி இடுக்கில் வெளிப்பக்கம் ஊதுவத்தியைப் பிடிக்க வேண்டும். புகை அறைக்குள் போனால் சரி. கூடத்துப் பக்கம் திரும்பி வந்தால், வீட்டில் வேறெங்கோ, பெரும்பாலும் சமையலறையில், இன்னொரு எக்ஸாஸ்ட் ஓடி இழுக்கிறது. அதை நிறுத்த வேண்டும். ஃபேன் இல்லாத அறையில் மட்டும் அடி இடுக்கைத் துண்டால் அடைக்கலாம்.

அடுக்குமாடிக்காரர்கள் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். 2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் என்ற முந்தைய கொரோனா வைரஸ் நோய் தொற்றியது. குளியலறைத் தரையில் உள்ள டிராப்களில் (தண்ணீர் தேங்கி நின்று கழிவுக் குழாயின் காற்றைத் தடுக்கும் வடிகால் வளைவு) தண்ணீர் வற்றிப்போய், எக்ஸாஸ்ட் ஃபேன் கழிவுக் குழாயின் காற்றை வீட்டுக்குள் இழுத்ததும், கட்டடத்தின் நடுவே இருந்த காற்றுத் தண்டு வழியாக அது மேலேறியதும் காரணங்களில் சில என்று விசாரணையில் தெரிந்தது. நம் அபார்ட்மென்ட்களிலும் குளியலறை ஜன்னல்கள் எல்லாம் ஒரே டக்ட்டைப் பார்த்துத்தான் இருக்கின்றன. யாரும் பயன்படுத்தாத குளியலறையின் நஹானி டிராப்பில், அதாவது அந்தத் தரை வடிகாலில், வாரம் ஒருமுறை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவது கரப்பான் பூச்சிக்கும் நல்லது, அதாவது வராமல் இருப்பதற்கு.

முகக்கவசத்தில் துணியின் தரத்தைவிட ஓரம்தான் பேச்சு. கண்ணாடி போட்டவருக்கு ஆவி படிந்தால் மூக்குப் பக்கம் கசிகிறது. கம்பியை இரு கை விரலாலும் மூக்கில் அழுத்தி வளைக்க வேண்டும். சர்ஜிக்கல் மாஸ்க்கின் காது நாடாவை ஓரத்திலேயே முடிச்சுப் போட்டு, பக்கவாட்டு மடிப்பை உள்ளே தள்ளினால் கன்னத்துப் பக்க இடைவெளி மூடும். என்95-ஐத் துவைக்கக் கூடாது, சானிடைசர் அடிக்கவும் கூடாது: அதன் இழைகளில் உள்ள நிலைமின்சாரம்தான் நுண்துகளைப் பிடிக்கிறது, ஆல்கஹாலும் சோப்பும் அதைப் போக்கிவிடும். ஐந்து வைத்துக்கொண்டு, ஒன்றைக் கழற்றியதும் தேதி எழுதிய காகிதப் பையில் போட்டு, ஐந்தாம் நாள் திரும்ப எடுப்பது வீட்டுக்கு ஏற்ற முறை. வால்வு வைத்தது வேண்டாம், போட்டவரின் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால்

தனி அறை, தனிக் கழிப்பறை என்று எல்லா வழிகாட்டுதலும் தொடங்கும். ஒரே அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டுக்கு அந்த வரி எதற்கும் உதவாது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் சென்னை வர்த்தக மையத்திலும் கல்லூரி விடுதிகளிலும் கோவிட் மையங்கள் இருந்தன. போவதற்குக் கூச்சப்பட்டவர்கள் அதிகம். வீட்டிலேயே இருப்பதென்றால், காற்று வெளியேறும் பக்கத்து ஜன்னலடியில் நோயாளிக்குப் படுக்கை. மற்றவர்கள் காற்று உள்ளே வரும் பக்கம், தலைமாடு எதிர்த்திசையில். நோயாளியும் மற்றவர்களும் வீட்டுக்குள்ளேயே மாஸ்க். சாப்பாட்டு நேரத்தில் மாஸ்க் கழற்ற வேண்டும், எனவே சேர்ந்து சாப்பிடக் கூடாது. முடிந்த பகல் நேரம் திண்ணை, மாடி, வராந்தா. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் பரப்ப முடியும் என்பதால், காய்ச்சல் வந்த அன்று ஒதுக்கி வைத்தும் வீட்டில் இன்னொருவருக்கு வந்தால் அதற்காக யாரையும் திட்டிப் பயனில்லை.

தட்டு, டம்ளரைத் தூக்கியெறியத் தேவையில்லை. பாத்திர சோப்பு போதும். துணியை உதறாமல் எடுத்துத் துணி சோப்பில் ஊறவைத்து வெயிலில் போட்டால் ஆயிற்று. பயன்படுத்திய மாஸ்க்கைக் கத்தரித்து, காகிதப் பையில் 72 மணி நேரம் தனியே வைத்துவிட்டுக் குப்பையில் போடச் சொன்னது 2020-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். குப்பையைக் கையால் பிரிக்கிறவர்கள் இருக்கும் ஊரில் அது நியாயமான வழக்கம்.

பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்த எடுப்பில் மாட்டிப் படிக்கக் கூடாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கை வெதுவெதுப்பாக, நகப்பூச்சும் கருப்பு மருதாணியும் இல்லாத விரலில், ஒரு நிமிடம் வைத்து, எண் ஐந்து விநாடி மாறாமல் நின்ற பிறகு குறிக்க வேண்டும். 94-க்குக் கீழ் என்றால் மருத்துவர். கருத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது 2020 டிசம்பரில் அமெரிக்க நோயாளிகளை வைத்து வெளியான ஆய்வில் தெரிந்தது. 95 என்று காட்டினாலும் மூச்சு வாங்கினால் எண்ணை நம்பி உட்கார வேண்டாம்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதம். வைரஸைக் கொல்லாது; கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்தவர்கள் உண்டு. 2021 மே மாதம் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் முளைத்தபோது, சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அதைத் தவிர்க்கச் சொன்னார். ஒருவர் இருமிய போர்வைக்குள் அடுத்தவர் தலையை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். கற்பூரம், ஓமம், கிராம்பு முடிச்சை முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்றும் அந்த மாதங்களில் சுற்றியது. ஏறாது. கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு விஷம், வலிப்பு வரும்.

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வாடகைக்கு எடுத்த வீடுகளில் கவனிக்காமல் விட்டது அதன் ஈரப்பத பாட்டில். குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர், கிடைக்காவிட்டால் கொதிக்கவைத்து ஆறிய நீர், தினமும் பழையதைக் கொட்டிக் கழுவிப் புதிது. கரும்பூஞ்சைக்கு முதன்மைக் காரணங்கள் கட்டுக்கடங்காத சர்க்கரையும் தேவைக்கு மிஞ்சிய ஸ்டீராய்டும் என்றாலும், நுரையீரலுக்குப் போகும் காற்றை அழுக்குத் தண்ணீர் வழியாக அனுப்புவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கழுவிக் கழுவி வரும் தொல்லையும் உண்டு. விரலிடுக்கில் வெடிப்பு வந்தால் தோலின் தடுப்பே உடைந்துவிட்டது, அங்கேதான் கிருமி நுழையும். துணி சோப்பையும் சுடுதண்ணீரையும் நிறுத்தி, ஒவ்வொரு முறை கழுவியதும் ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவ வேண்டும். கழுவிய பிறகும் அழுக்காகவே தோன்றி, எண்ணிக்கை வைத்துத் திரும்பக் கழுவி, மற்றவர்களையும் கழுவ வைத்துச் சண்டை வந்தால், அது சுத்தத்தைத் தாண்டி மனநல சிகிச்சை வேண்டிய நிலை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நோயாளி எழுந்த பிறகு அறைக்குப் புகை போட வேண்டாம், ஸ்ப்ரேக்காரர்களைக் கூப்பிட வேண்டாம். ஜன்னலைத் திறந்து ஃபேனை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தரையையும் கைப்பிடிகளையும் துடைத்து, தலையணையை வெயிலில் போட்டால் போதும். 2021 ஏப்ரல் விதிப்படி அறிகுறி தொடங்கி 10 நாள், கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் தனிமை முடிந்தது. 2022 ஜனவரியில் அது 7 நாளாகக் குறைந்தது. மறுபரிசோதனை தேவையில்லை என்று அந்த விதியிலேயே இருந்தது, ஏனென்றால் ஆர்டிபிசிஆர் செத்த வைரஸின் துணுக்குகளையும் வாரக்கணக்கில் 'பாசிட்டிவ்' என்றே காட்டும். அப்படியும் ஹவுஸ் ஓனர்களும் அலுவலகங்களும் 'நெகட்டிவ் சர்டிபிகேட்' கேட்டார்கள். குணமானவர்கள் அந்தத் தாளுக்காகக் காய்ச்சல் முகாமில், இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே வரிசையில் நின்றார்கள்.